பின்பட்டம்

ஜூனில் ஏறிய யாஸூ ஆறு
ஆகஸ்ட் கடைசியில்தான் இறங்கியது.
இறங்கியது என்பதும் சரியில்லை.
எழுந்து போக மனமில்லாத விருந்தாளிபோல்
பள்ளங்களில் ஒரு காலை நீட்டிக் கிடந்தது.

லவெலுக்கும் எனக்கும் அங்கே மூன்று துண்டு,
கூட்டினால் ஐந்தரை ஏக்கர்.
கரைக்குத் தவறான பக்கம் என்பார்கள் வங்கியில்.
மானுக்கு அது தெரியாது.

மே மாதம் போட்ட சோயா
முழங்கால் வரை வந்திருந்தது.
இப்போது கறுத்த கயிறு.
சாலுக்குச் சால் செத்த கெண்டை,
வரிசை பிசகாமல், யாரோ நட்டதுபோல.
லவெல் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினான்.
"நாற்பத்தொன்று. நல்ல உரம்."
எரிகிற கொள்ளியிலும்
ஒரு நல்ல கொள்ளி கண்டுபிடிக்கிறவன் அவன்.

விதைக்கடையில் கிளியோத்தா
நாட்காட்டியைப் பார்த்தாள்,
என் பூட்ஸைப் பார்த்தாள்.
"சோயாவா? இனிமேலா?
உறைபனிக்கு அறுபது நாள்கூட இல்லை.
ரை எடு. கொஞ்சம் ஓட்ஸ், கொஞ்சம் டர்னிப்.
ரை மூடாவிட்டாலும் முளைக்கும்.
லாரித் தளத்திலேயே முளைத்துப் பார்த்திருக்கிறேன்."
ஆறு மூட்டை. கடன்தான்.
நோட்டில் எழுதும்போது கேட்டாள்:
"யாருக்கு இதெல்லாம்?"
"மானுக்கு."
"மான் எப்போது பணம் கொடுக்கும்?"

டிராக்டர் முதல் துண்டிலேயே அச்சு வரை அமிழ்ந்தது.
அதை இழுக்க வந்த வண்டியும்.
பிறகு கைதான்.
கழுத்தில் பை, வலக்கையில் சுழற்றும் பிடி,
ஓர் அடிக்கு ஒரு பூட்ஸைச் சேற்றுக்குக் கொடுத்து
மறுபடி வாங்கி,
கொடுத்து, வாங்கி.
வண்டல் மேல்தோல் காய்ந்து வெடித்திருந்தது,
விதை தானே உள்ளே போய் ஒளிந்துகொண்டது.
பரம்படிக்கவில்லை. எதைக் கொண்டு அடிப்பது?

மூன்றாவது துண்டை முடித்துத் திரும்பினால்
முதல் துண்டில் காலடி.
நாங்கள் இருக்கும்போதே வந்து போயிருக்கிறது.
பிளந்த குளம்பின் குழிதோறும்
நான்கைந்து ரை மணி, மிதிபட்டு, மண்ணோடு.
குனிந்து விரல் விட்டுப் பார்த்தேன்.
ஆழம் சரியாக இருந்தது.

அப்புறம் மழை இல்லை.
கோடை முழுக்கத் தண்ணீரைத் திட்டிய வாயால்
தண்ணீர் கேட்டோம்.
கூச்சமாகத்தான் இருந்தது.
பதினெட்டு நாள் கழித்து ஓர் இரவு
தகரக் கூரையில் சடசடவென்று கேட்டதும்
லவெல் போன் செய்தான்.
ஒன்றும் பேசவில்லை,
போனைக் கூரைப்பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.
என் கூரையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்டோபர் நடுவில்
தூரத்தில் நின்றால் பச்சை,
கிட்டே போனால் சேறு.
"கிட்டே போகாதே" என்றான்.

பயிரைத் தின்ன வருவதை விரட்டத்தான்
ஊர் உலகத்தில் பரண் கட்டுவார்கள்.
தின்ன வா என்று விதைத்துவிட்டு
அதே உயரத்தில் துப்பாக்கியோடு நாங்கள்.
இந்தக் கோணல் எனக்குத் தெரியாமல் இல்லை.
டிசம்பரில் காலியாய்க் கிடக்கும்
குளிர்பெட்டியும் தெரியும்.

ஒரு பெண்மான். மாலை ஐந்தேகால்.
பச்சையின் ஓரத்தில் நின்றது,
தலை குனியவே இல்லை,
எங்கோ போகிற வழியில் நின்றதுபோல.
ஒரே குண்டு.

வண்டி விளக்கின் வெளிச்சத்தில்
லவெல் இரைப்பையைக் கீறினான்.
ஆவி பறந்தது.
ஓக் கொட்டை.
முழுக்க முழுக்க ஓக் கொட்டை,
வெள்ளத்தில் இடுப்பளவு நின்ற மரங்கள்
யாரும் கேட்காமல், கடன் இல்லாமல்
கொட்டியவை.
நடுவே கட்டைவிரல் அளவு பச்சை.
அதை வழித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.
"நம்ம ரை."
பெருமையாகத்தான் சொன்னான்.

பின்தொடை ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.
காலையில் கடை திறந்ததும்
கிளியோத்தாவிடம் கொடுக்க வேண்டும்.
நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்,
மான் கொடுத்தது, பாதி பாக்கி.